செகோனிக் எல்-308எஸ் லைட் மீட்டர்: ஒன்றரை வருஷம் சட்டைப் பையில வச்சிருந்தவன் எழுதறது

காசிமேட்டுல மீன் விக்கிற ஒரு அக்கா, சரி எடுத்துக்கோன்னு சொல்லி கூடைய தள்ளி வச்சுட்டு உக்காந்தாங்க, நான் பாக்கெட்ல இருந்து இத எடுத்து அவங்க கன்னத்துகிட்ட நீட்டி பட்டன அமுக்கினேன், உடனே பக்கத்துல இருந்த இன்னொரு அக்கா "இன்னாபா, ஜுரம் பாக்குறியா?"ன்னு கேட்டுட்டாங்க. கொரோனாக்கு அப்புறம் மூஞ்சிகிட்ட எத நீட்டினாலும் அது ஜுரம் பாக்கற மிஷின்தான். அதுக்கு முந்தின வாரம் திருவல்லிக்கேணில ஒரு பெரியவரு சுகர் பாக்கற மிஷின்னு நெனச்சுகிட்டு எவ்ளோ காட்டுதுன்னு கேட்டாரு, நான் பாட்டுக்கு எட்டுன்னு சொல்லிட்டேன், மனுஷன் ரொம்ப நேரம் என்னையே பாத்துட்டு நின்னாரு.

விஷயம் என்னன்னா இது லைட் மீட்டர். கையில புடிச்சு வெளிச்சத்த அளக்கற சாமான். ஷட்டர் ஸ்பீடு (எவ்ளோ நேரம் வெளிச்சத்த உள்ள விடறோம்ங்கறது) இவ்ளோ வச்சா அப்பர்ச்சர் (லென்ஸ் ஓட்டை எவ்ளோ பெருசுங்கறது) எவ்ளோ வைக்கணும்னு சொல்லும், அவ்ளோதான் இதோட வேலை. இப்ப இருக்கற கேமரா எல்லாத்துலயும் உள்ளயே மீட்டர் இருக்கறப்ப தனியா ஒன்னு எதுக்குன்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி, பாதி பேருக்கு இது தேவையே இல்ல, அத கடைசில சொல்றேன்.

எங்கிட்ட இருக்கறது யாஷிகா-டி, ரெண்டு கண்ணு வச்ச பழைய கேமரா, மேல இருந்து குனிஞ்சு பாத்து எடுக்கறது. அதுல மீட்டரும் இல்ல பேட்டரியும் இல்ல, எல்லாமே ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். 120 ஃபிலிம்ல சதுரமா 12 படம். ஃபிலிம், டெவலப், ஸ்கேன் எல்லாம் சேத்து கணக்கு போட்டா ஒரு தடவ கிளிக் பண்றதுக்கு நூறு ரூபாய்க்கு மேல போவுது, அதனால "சும்மா ஒன்னு எடுத்துப் பாப்போம்"ங்கற பேச்சே கிடையாது. ஆரம்பத்துல பழைய ஃபார்முலாவ வச்சுதான் ஓட்டினேன், நல்ல வெயில்னா எஃப் 16 (எஃப்ங்கறது அப்பர்ச்சர் நம்பர், நம்பர் பெருசானா ஓட்டை சின்னது), ஷட்டர் ஸ்பீடு ஃபிலிமோட ஐஎஸ்ஓ நம்பர் (ஃபிலிமுக்கு வெளிச்சம் எவ்ளோ சீக்கிரம் உறைக்கும்ங்கறது), அதாவது 400 ஃபிலிம்னா 1/500ன்னு வச்சுக்கணும். லேசா மேகம்னா 11, நல்லா மூடியிருந்தா 8, நிழல்ல 4. மெட்ராஸ்ல மே மாசம் மதியானத்துக்கு இந்த ஃபார்முலா போதும், வெயில் அப்படி ஒன்னும் மாறப்போறதில்ல. ஆனா மே மாச மதியானத்துல எவன் வெளிய போயி படம் எடுப்பான்? நாம போறது காலைல ஆறரைக்கும் சாயங்காலம் அஞ்சரைக்கும், இல்லனா மாட வீதில பாதி தெரு வெயில் பாதி தெரு நிழல்னு இருக்கற நேரத்துல, இல்லனா வீட்டுக்குள்ள. அங்கதான் கண்ணு நம்மள ஏமாத்தும், ரூமுக்குள்ள அஞ்சு நிமிஷம் இருந்தா கண்ணு பழகிடும், நல்லா வெளிச்சமா இருக்கற மாதிரியே தோணும், ஃபிலிம் அப்படி பழகாது.

மொதல்ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு செலினியம் மீட்டர் வாங்கினேன், கடை பேரு வேணாம். செலினியம்னா பேட்டரியே வேணாம், முன்னாடி தேன்கூடு மாதிரி ஒரு கண்ணாடி இருக்கும், அதுல வெளிச்சம் பட்டா கரண்ட் உண்டாகி முள்ளு நகரும், பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும், தோல் உறை வேற. கடைக்காரரு டியூப்லைட் பக்கம் காட்டினாரு, முள்ளு ஆடிச்சு, "பாருங்க சார் ஒர்க்கிங்"னாரு, நானும் சந்தோஷமா வாங்கிட்டு வந்துட்டேன். முள்ளு ஆடுறதுக்கும் முள்ளு சரியான இடத்துல நிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லன்னு ஒரு ரோல் முழுக்க வீணாப் போன அப்புறம்தான் புரிஞ்சது. செலினியம் செல் வருஷக்கணக்குல வெளிச்சம், ஈரம் பட்டு சோர்ந்து போயிடும், என்னோடது ரெண்டு ஸ்டாப் கம்மியா காட்டிச்சு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகறது, இல்லனா ரெண்டு மடங்காகறது), அதாவது இருக்கற வெளிச்சத்துல கால்வாசிதான் அதுக்குத் தெரிஞ்சது. சரி எப்பவுமே ரெண்டு ஸ்டாப் தப்புன்னா நாம கழிச்சுக்கலாம்னு பாத்தா வெயில்ல ஒரு மாதிரி தப்பு, வீட்டுக்குள்ள வேற மாதிரி தப்பு. பாவம் வயசாயிடுச்சு, அத குத்தம் சொல்லி என்ன பண்றது.

அடுத்த தலைமுறை மீட்டர்கள், சிடிஎஸ் (காட்மியம் சல்ஃபைட்) செல் வச்சது, அதுவும் பழைய மார்க்கெட்ல நிறைய கிடைக்கும், பாத்து வாங்குங்க, அதுல நிறைய மாடலுக்கு 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரி வேணும், அந்த பேட்டரிய நிறுத்தி ரொம்ப நாளாச்சு. அதே சைஸ்ல இப்ப வர்ற 1.5 வோல்ட் போட்டா ரீடிங் தப்பா வரும். நான் அந்தப் பக்கமே போகல.

அப்புறம் போன் ஆப். உண்மைய சொல்லணும்னா ஒரு ஆறு மாசம் ஆப் வச்சே நல்லா ஓடிச்சு, இலவசம், போன் எப்படியும் கையில இருக்கு. ஆனா மெரினாவுல காலைல வேர்த்த கையோட போன திறந்து, ஆப திறந்து, வெயில்ல ஸ்கிரீன் தெரியாம கைய மறைச்சு வச்சு பாத்துகிட்டு இருக்கறதுக்குள்ள எதிர்ல இருக்கற ஆளு எழுந்து போயிடுவாரு. அதுவும் பரவால்ல. நிஜமான பிரச்சனை வேற, அத அப்பா போட்டோ எடுத்தப்பதான் கண்டுபுடிச்சேன், வரேன் அதுக்கு.

இந்த செகோனிக்க ஒருத்தர் விக்கிறாருன்னு தெரிஞ்சு அசோக் நகர் மெட்ரோ ஸ்டேஷன் கீழ ஒரு டீக்கடையில வச்சு பாத்தேன். கல்யாண போட்டோகிராபரா இருந்தவரு, இப்ப முழுக்க வீடியோக்கு போயிட்டாரு. புதுசோட விலைல பாதிக்கும் கொஞ்சம் கம்மி. சூடு கண்ட பூனை இல்லையா, அதனால இந்த தடவ சும்மா முள்ளு ஆடுதான்னு பாக்கல, அங்கேயே நல்ல வெயில்ல நிழல் ஷார்ப்பா விழற இடத்துல நின்னு ஐஎஸ்ஓ 100, 1/125 வச்சு அளந்தேன், எஃப் 16 கிட்ட வந்தது. அதுதான் ஈவி 15, ஈவின்னா வெளிச்சத்த ஒரே நம்பர்ல சொல்றது, 15 நல்ல வெயிலோட நம்பர். அப்புறம் கட்டடத்து நிழலுக்குள்ள வந்து அளந்தேன், மூணு ஸ்டாப் குறைஞ்சு 5.6 வந்தது, நிழல்னா மூணு நாலு ஸ்டாப் குறையும், அதனால அதுவும் சரி. செகண்ட் ஹேண்ட் மீட்டர் வாங்கறவங்க இந்த ரெண்டையாவது பண்ணிட்டு காசு குடுங்க, வெயில்ல மட்டும் பாத்துட்டு வாங்காதீங்க, கோளாறு பெரும்பாலும் வெளிச்சம் கம்மியான இடத்துலதான் இருக்கும்.

பொருள பத்தி சொல்லிடறேன். ஜப்பான் கம்பெனி, 1951ல ஆரம்பிச்சது, மீட்டர்னாலே அவங்க பேருதான் மொதல்ல வரும். எல்-308எஸ் அவங்களோட சின்ன மாடல்கள்ல ஒன்னு, இதுக்கு அப்புறம் சினிமா, வீடியோ மோடெல்லாம் சேத்து எல்-308எக்ஸ்னு ஒன்னு வந்துச்சு, வீடியோ பண்றவங்க அதப் பாக்கறது நல்லது. எஸ்-ல இருக்கறது போட்டோவுக்கு மட்டும். சோப்பு டப்பாவ விட மெலிசு, சட்டைப் பையில போட்டா சட்டை தொங்காது. எனக்கு ரொம்பப் புடிச்சது பேட்டரிதான், ஒரே ஒரு செல், சுவர் கடிகாரத்துக்குப் போடறோமே அதே செல், எந்த பெட்டிக்கடைலயும் கிடைக்கும். மெர்க்குரி பேட்டரி கதையெல்லாம் கேட்டவனுக்கு இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு சொல்லி புரிய வைக்க முடியாது. இந்த ஒன்றரை வருஷத்துல ஒரே தடவதான் செல்லு மாத்தினேன், அதுவும் செங்கல்பட்டு போற வழில, டீ குடிக்க நின்ன இடத்துல வாங்கினது.

மேல வெள்ளையா பாதி பிங்பாங் பந்து மாதிரி ஒன்னு இருக்கே அதுதான் உசுரு. பேரு லூமிஸ்பியர், நான் பந்துன்னுதான் சொல்றது. அது நகரும், சென்சார் மேல இழுத்து விட்டா விழற வெளிச்சத்த அளக்கும், ஒதுக்கி விட்டா கேமரா மாதிரி பொருள்ல பட்டு திரும்பி வர்ற வெளிச்சத்த அளக்கும், இதுக்குப் பேரு ரிஃப்ளெக்டிவ். ஃபிளாஷும் அளக்கும், ஒயரோடயும் ஒயர் இல்லாமலும்.

டிஸ்பிளேல ஒரு விஷயம் புதுசா வாங்கறவங்கள கண்டிப்பா குழப்பும். 8ன்னு பெருசா போட்டு பக்கத்துல சின்னதா 5ன்னு காட்டும். இது 8.5 இல்ல. 8க்கும் 11க்கும் நடுவுல பத்துல அஞ்சு பங்கு தூரம்னு அர்த்தம், அதாவது அரை ஸ்டாப். சின்ன நம்பர் 9ன்னா பேசாம 11 வச்சுட்டு போங்க. இன்னொன்னு, இதுல நாம ஷட்டர் ஸ்பீட குடுத்தா அது அப்பர்ச்சர சொல்லும், திருப்பி கேக்க முடியாது, அதாவது "எனக்கு எஃப் 4தான் வேணும், ஸ்பீடு எவ்ளோ?"ன்னு கேக்கற வசதி இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சப்ப பெரிய குறையா தெரிஞ்சது, வாங்கின அப்புறம் பாத்தா ரீடிங் எடுத்துட்டு அம்புக்குறி பட்டன தட்டினா ஸ்பீடு மாற மாற அப்பர்ச்சரும் கூடவே மாறிட்டு வருது, நாலு வர்ற வரைக்கும் தட்டினா போச்சு. ரெண்டு செகண்டு அதிகம், அவ்ளோதான், ஆனா அந்த ரெண்டு செகண்டே எரிச்சலா இருக்கும்னு நெனக்கறவங்க வேற மாடல் பாருங்க.

இப்ப அப்பா போட்டோ. எங்க வீட்டு மொட்டை மாடில தண்ணி டேங்க் நிழல்ல, சுண்ணாம்பு அடிச்ச சுவர் பின்னாடி, அப்பா வெள்ளை வேட்டி வெள்ளை சட்டைல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு, காலைல ஒம்பது மணி. அப்பா நல்ல கருப்பு. போன் ஆப காட்டினேன், ஐஎஸ்ஓ 400, 1/250க்கு எஃப் 16ன்னுச்சு. அப்படியே எடுத்தேன், ஸ்கேன் வந்தப்ப சுவரும் வேட்டியும் அழுக்கு சாம்பலா, அப்பா மூஞ்சி கரிக்கட்டையா, கண்ணு எங்க இருக்குன்னே தெரியல. அம்மா பாத்துட்டு "என்னடா இது, ஏதோ தேடப்படும் குற்றவாளி மாதிரி"ன்னாங்க.

ஏன் அப்படி ஆச்சுன்னா கேமரா மீட்டரும் சரி ஆப்பும் சரி, அதுக்கு முன்னாடி இருக்கறது எல்லாமே சராசரியா சாம்பல் கலர்தான்னு நம்பும், 18 சதவீதம் வெளிச்சத்த திருப்பி அனுப்பற சாம்பல்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க. வெள்ளை வேட்டிய காட்டினா "ஓ, சாம்பல் மேல ரொம்ப வெளிச்சம் அடிக்குது போல"ன்னு நெனச்சு கம்மி பண்ணிடும். கருங்கல் தூண காட்டினா "சாம்பல் இருட்டுல இருக்கு"ன்னு ஏத்தி விட்டுடும், கருங்கல் சிமெண்ட் மாதிரி வரும். அது பொருளோட நிறத்தையும் வெளிச்சத்தையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாத ஜீவன். வெளியூர்ல எப்படியோ தெரியாது, நம்ம ஊர்ல வெள்ளை வேட்டியும் கருங்கல்லும் கருத்த மூஞ்சியும் ஒரே ஃபிரேம்ல வர்றது தினசரி நடக்கறது, ஒரு கோயில் வாசல்ல அஞ்சு நிமிஷம் நின்னா மூணும் வந்துடும்.

செகோனிக் வாங்கினதும் அதே இடம் அதே நேரம் அதே வேட்டி, அப்பாவ திரும்ப உக்கார வச்சேன். பந்த அப்பாவோட தாடை கிட்ட வச்சு கேமராவப் பாத்து திருப்பி அமுக்கினேன், 1/250க்கு எஃப் 8. ஆப் சொன்னதுக்கும் இதுக்கும் ரெண்டு ஸ்டாப் வித்தியாசம். இது வேட்டியப் பாக்கல, சுவரப் பாக்கல, அப்பாவையும் பாக்கல, அவரு மேல விழற வெளிச்சத்த மட்டும்தான் அளந்தது. அந்த வெளிச்சத்துல வெள்ளை வெள்ளையா இருக்கும், கருப்பு கருப்பா இருக்கும், நாம ஒன்னும் கூட்டிக் கழிக்க வேணாம். படம் வந்தப்ப வேட்டி மடிப்பு ஒவ்வொன்னும் தெரியுது, அப்பா நெஜமாவே எந்த நிறமோ அந்த நிறத்துல இருக்காரு, கண்ணும் தெளிவா தெரியுது. சின்ன வயசுல ஸ்டூடியோல போட்டோ எடுத்தா "கொஞ்சம் கலர் ஏத்தி குடுங்க"ன்னு அம்மா சொல்றதும் அவங்க எல்லாரையும் பால் ஊத்தி கழுவின மாதிரி வெளுத்து குடுக்கறதும் ஞாபகம் வந்துச்சு. கருத்த மூஞ்சிய கிட்டக்க போயி ரிஃப்ளெக்டிவ் மீட்டர்ல அளந்தீங்கன்னா அதுவும் அந்த ஸ்டூடியோ வேலையதான் பண்ணும், ஏத்தி விட்டுடும். இந்த ஒரு காரணத்துக்காகவே குடுத்த காசு எனக்கு செரிச்சிடுச்சு.

இதக் கொண்டுபோயி எங்க தெருல ஸ்டூடியோ வச்சிருந்த பெரியவர்கிட்ட காட்டினேன், கடைய மூடிட்டாரு, வீட்லதான் இருக்காரு. கையில வாங்கி திருப்பித் திருப்பி பாத்துட்டு "இதெல்லாம் நான் வச்சுக்கிட்டதே இல்ல தம்பி"ன்னாரு. எப்படிண்ணே அளப்பீங்கன்னு கேட்டேன். "எதுக்கு அளக்கணும்? ரெண்டு லைட்டு, ஸ்டூலு, பின்னாடி படுதா, எல்லாம் ஒரே இடத்துல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு, ஆளுதான மாறுறான்?" எவ்ளோ கரெக்ட் பாருங்க. விழற வெளிச்சம் மாறலன்னா ரீடிங்கும் மாறாது, கருப்பு ஆளு வந்தாலும் செவப்பு ஆளு வந்தாலும் அதே செட்டிங்தான். இந்தப் பந்து என்ன தத்துவத்துல வேலை செய்யுதோ அதையே அவரு முப்பது வருஷமா பந்து இல்லாம பண்ணியிருக்காரு. அப்ப ஊட்டில நம்ம ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபேக்டரி ஓடிக்கிட்டிருந்த காலம், இந்துங்கற பேர்ல ஃபிலிம் வரும், அந்த டப்பா ஒன்னுல இப்பவும் ஊசி நூல் போட்டு வச்சிருக்காங்க அவங்க வீட்டம்மா.

சரி, இது எல்லா இடத்துலயும் இப்படி வேலை செய்யுமான்னா இல்ல. பொருள் மேல விழற வெளிச்சத்துலயே மீட்டரும் இருக்கணும், அதுதான் ஒரே கண்டிஷன். மயிலாப்பூர் கிழக்கு கோபுரத்த காலைல எடுக்கப் போனேன், கோபுரம் மேல நல்ல வெயில், நான் நின்னது கடை நிழல்ல, நின்ன இடத்துலயே பந்த நீட்டி அளந்து எடுத்தேன், கோபுரம் வெளுத்துப் போச்சு, மூணு ஸ்டாப் ஓவர். நெகட்டிவ் ஃபிலிம்ங்கறதால ஸ்கேன்ல ஓரளவு இழுத்துட்டாங்க, ஸ்லைடு ஃபிலிமா (நெகட்டிவ் இல்லாம நேரா படமாவே வர்றது, தப்பு தாங்காது) இருந்தா கதை முடிஞ்சது. கோபுரத்து மேல ஏறி பந்த நீட்ட முடியாதுதான், ஆனா ஏற வேணாம், நாலு அடி தள்ளி வெயில் விழற இடத்துக்கு வந்து, கோபுரத்துக்கு முதுக காட்டி, பந்து கேமரா இருக்கப்போற பக்கம் பாக்கற மாதிரி வச்சு அளந்தா போதும், சூரியனுக்கு கோபுரமும் நானும் ஒன்னுதான். இந்த நாலு அடிய நடக்க சோம்பல்பட்டு ஒரு ஃபிரேம் போச்சு.

மெரினா, பட்டினப்பாக்கம், காசிமேடு எல்லாத்துலயும் இன்னொரு பிரச்சனை, நமக்கு சூரியன் கடல்ல இருந்து வருது. காலைல ஆறே காலுக்கு படகு முன்னாடி வலைய உதறிக்கிட்டு நிக்கறவர எடுக்கறீங்க, அவரு முதுகுக்குப் பின்னாடி வானம் தகதகன்னு இருக்கு. பந்த ஒதுக்கிட்டு வானத்தப் பாத்து அளந்தா ஐஎஸ்ஓ 400, 1/125க்கு எஃப் 16 வந்தது, பந்த போட்டு அவரு பக்கத்துல நின்னு அளந்தா 5.6. மூணு ஸ்டாப். இதுல எது சரின்னு மீட்டர் சொல்லாது, ரெண்டுமே சரிதான். 16 வச்சா அவரு வெறும் கருப்பு உருவமா நிப்பாரு, வானம் அழகா வரும், 5.6 வச்சா அவரு மூஞ்சி தெரியும், வானம் வெள்ளை வேட்டி. நான் மூஞ்சிக்குத்தான் எடுப்பேன், சூரிய உதயம் தினமும் வருது, அந்த மனுஷன் தினமும் சரின்னு நிக்க மாட்டாரு.

தானா எரியற பொருளுக்கு பந்து ஒன்னும் பிரயோஜனம் இல்ல. கார்த்திகை தீபத்துக்கு வாசல்ல வரிசையா அகல் ஏத்தி வச்சத எடுக்க பந்த வச்சு அளந்தேன், தரைல விழற வெளிச்சத்துக்கு ரீடிங் குடுத்துச்சு, படத்துல சுடர் எல்லாம் வெறும் வெள்ளை பொட்டு. தப்பு என்மேலதான், சுடரே வெளிச்சம், அது மேல எது விழுது? அங்க ரிஃப்ளெக்டிவ்தான் போகணும், ஆனா இதுல ரிஃப்ளெக்டிவ் 40 டிகிரி அகலம், ஒரு சுடர மட்டும் தனியா பாக்க முடியாது. 1 டிகிரி ஸ்பாட் வச்ச மீட்டர் வேற இருக்கு, சைஸும் பெருசு விலையும் பல மடங்கு, வருஷத்துக்கு ஒரு கார்த்திகைக்காக அத வாங்கற வசதி எனக்கில்ல.

கேமராக்குள்ள இருக்கற மீட்டர் லென்ஸ் வழியா பாக்கும், அதனால லென்ஸ் முன்னாடி என்ன மாட்டினாலும் அதுக்குத் தெரியும். இதுக்குத் தெரியாது. மேகம் நல்லா வரட்டும்னு மஞ்சள் ஃபில்டர் மாட்டினேன், அது ஒரு ஸ்டாப் தின்னும், அதுக்கு மீட்டர்ல ஐஎஸ்ஓவ 400ல இருந்து 200க்கு இறக்கி வச்சுட்டா கணக்கு தானா சரியாயிடும், நல்ல தந்திரம், நானும் இறக்கினேன். ஃபில்டர கழட்டினேன். ஐஎஸ்ஓவ திருப்பி ஏத்தல. அடுத்த ரோல் முழுக்க ஒரு ஸ்டாப் ஓவர். அது பரவால்ல, நெகட்டிவ் தாங்கிடும். அதுக்கு அடுத்த மாசம் ஃபில்டர மாட்டிட்டு ஐஎஸ்ஓவ இறக்க மறந்தேன், அதுதான் தாங்கல, நிழல் எல்லாம் காலி. இப்ப மீட்டர் உறைக்குள்ள ஒரு சின்ன ஸ்டிக்கர்ல "ஐஎஸ்ஓ?"ன்னு எழுதி ஒட்டியிருக்கேன், எடுக்கறப்பல்லாம் அது என்னை முறைக்கும்.

ஃபிளாஷ் பத்தி நான் பெருசா எதிர்பாக்கல, ஆனா நவராத்திரிக்கு மேற்கு மாம்பலத்துல அத்தை வீட்டு கொலுவ எடுத்துக் குடுன்னு கேட்டாங்க, டிஜிட்டல் கேமராவும் ஒரு சாதாரண மேனுவல் ஃபிளாஷும் எடுத்துட்டுப் போனேன். ஏழு படி. ஃபிளாஷ மேல திருப்பி சீலிங்ல அடிச்சு, மீட்டர ஒயர் இல்லாத ஃபிளாஷ் மோடுல போட்டு ஒவ்வொரு படியா பந்த வச்சு அளந்துகிட்டே வந்தேன், அத்தை பையன் ஃபிளாஷ டெஸ்ட் பட்டன்ல தட்டிக்கிட்டே இருந்தான், அவனுக்கு விளையாட்டு. மேல் படி கலசத்துகிட்ட எஃப் 8, நடுப்படி தசாவதாரத்துகிட்ட 5.6ம் கொஞ்சமும், கீழ செட்டியார் கடை பூங்காகிட்ட 4ம் கொஞ்சமும். அதாவது மேல இருக்கறவருக்கு கீழ இருக்கறவர விட ரெண்டு மடங்குக்கு மேல வெளிச்சம். கண்ணுக்கு இது சுத்தமா தெரியல, எல்லா படியும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது. ஃபிளாஷ படிய விட்டு நல்லா பின்னால தள்ளி, கொஞ்சம் பின்பக்க சுவரப் பாத்து திருப்பி, கீழ முன்னாடி ஒரு வெள்ளை வேட்டிய விரிச்சுப் போட்டேன், அத்தை ஒரு மாதிரி பாத்தாங்க, திரும்ப அளந்தா மேலயும் கீழயும் அரை ஸ்டாப்தான் வித்தியாசம். இத கேமரா பின்னாடி ஸ்கிரீன பாத்து பாத்தும் பண்ணியிருக்கலாம், இல்லன்னு சொல்லல, ஆனா எங்க எவ்ளோ கம்மின்னு நம்பரா தெரிஞ்சதால ரெண்டு தடவ நகத்தினதுல முடிஞ்சுது, சுண்டல் ஆறறதுக்குள்ள.

துல்லியம் பத்தி ஒரு சிரிப்பு. இந்த மீட்டர் பத்துல ஒரு பங்கு ஸ்டாப் வரைக்கும் சொல்லும். என் யாஷிகாவோட ஷட்டர் என்னை விட வயசுல மூத்தது, அதுல 1/500ன்னு வச்சா நெஜத்துல கிட்டத்தட்ட 1/350 மாதிரிதான் ஓடும்னு சர்வீஸ் பண்ணினவர் சொன்னாரு. தங்கத்த எடை போடற தராசுல நிறுத்து வாங்கிட்டு வந்து கையால அள்ளி சமைக்கற மாதிரி இருக்கு. அதனால நான் பத்துல ஒரு பங்கெல்லாம் பாக்கறதில்ல, கிட்டக்க இருக்கற அரை ஸ்டாப், நெகட்டிவ்னா கொஞ்சம் ஓவர் பக்கம்.

பராமரிப்புனு பெருசா ஒன்னும் இல்ல, பந்த மட்டும் விரலால தொடாதீங்க, நம்ம ஊரு வேர்வை ஒட்டி, அதுல தூசி ஒட்டி மஞ்சள் அடிச்சா ரீடிங்கும் மாறும். கடற்கரைக்குப் போயிட்டு வந்தா உலர்ந்த துணியால ஒரு தடவ துடைச்சு, லென்ஸ் வச்சிருக்கற டப்பாவுலயே சிலிகா ஜெல் பாக்கெட்டோட போட்டுடறேன். ரொம்ப நாள் எடுக்கலன்னா செல்ல கழட்டி வைங்க.

யாரு வாங்கணும்? டிஜிட்டல்ல வெளிச்சத்துல சும்மா சுத்தி படம் எடுக்கறவங்களுக்கு சத்தியமா வேணாம், ஸ்கிரீன்ல ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்ளோன்னு காட்டற வரைபடம்) இருக்கு, தப்பா வந்தா இன்னொன்னு எடுங்க, காசா பணமா. மீட்டர் இல்லாத பழைய கேமரா இப்பதான் வாங்கியிருக்கீங்கன்னா மொதல்ல நாலு ரோல் ஆப் வச்சே ஓட்டுங்க, வெள்ளையும் கருப்பும் வர்றப்ப மட்டும் உள்ளங்கைய அதே வெளிச்சத்துல நீட்டி அத அளங்க. என் உள்ளங்கை சாம்பல விட ஒரு ஸ்டாப் கிட்ட வெளுப்பு, அதனால வர்ற ரீடிங்ல ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்டிக்குவேன், உங்க கை எவ்ளோன்னு நீங்களே ஒரு தடவ பாத்து வச்சுக்கோங்க. அதுவே நல்லா வேலை செய்யும், பந்தோட ஏழை சொந்தக்காரன்னு வச்சுக்கோங்க. ஃபிளாஷ் ரெண்டு மூணு வச்சு வேலை பண்றவங்க, ஸ்லைடு ஃபிலிம் எடுக்கறவங்க, ஆளுங்கள உக்கார வச்சு எடுக்கறவங்க, இவங்க வாங்கலாம், செகண்ட் ஹேண்டே போதும், உள்ள ஆடற முள்ளு எதுவும் இல்ல, பெருசா தேயாது.

அப்பா போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டியாச்சு. காசிமேட்டு அக்காவுக்கும் ஒரு காப்பி கொண்டுபோயி குடுத்தேன், பாத்துட்டு "ஜுரம் இல்லனு தெரியுது"ன்னாங்க. அந்த செலினியம் மீட்டர் இன்னும் தோல் உறையோட அலமாரில இருக்கு, ஷோகேஸ்ல வைக்க யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, டியூப்லைட் கிட்ட காட்டினா முள்ளு ஆடும், ஆனா ஒர்க்கிங்னு சொல்லி விக்க மாட்டேன்.